கூலியாள் வேடத்தில் வந்த குருவானவர்



ஜனவரி மாதம் 16-ந் தேதி அர்ச்சியசிஷ்ட யோசேப் வாஸ் சுவாமியாருடைய திருநாள். பொங்கல் சந்தடியில் இந்தத் திருநாள் நம் பங்கில் வந்ததும் தெரிவதில்லை, போனதும் தெரிவதில்லை. இந்த வருஷம் அப்படிப் போகவிட எனக்கு மனமில்லை. காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சென்ற மாதம் எனக்குக் காய்ச்சல் கண்டிருந்தபடியால், நமது கிளைக்கிராமங்களில் ஒன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை நடக்கவில்லை. மறுநாள் காலையில் நாலைந்து பேர் பங்குமனைக்கு வந்து கோபித்துக் கொண்டார்கள். அவர்கள் கோபித்தது நியாயந்தான்; பூசை இல்லாத ஞாயிறு வெறும் ஞாயிறு என்று உணர்கிற மக்கள் இருப்பது பங்குக் குருவுக்குச் சந்தோஷமே. ஆனால் அவர்களில் பெரியவர் ஒருவரை நான் ஒன்று கேட்டேன்: "சுவாமி வராதபோது நீங்கள் கோவிலில் என்ன செய்தீர்கள்?" அவர் சற்றும் யோசியாமல், "என்ன செய்வது சுவாமி? அரை மணி நேரம் பார்த்தோம், கதவைப் பூட்டிவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விட்டோம்" என்றார். அந்தப் பதில் என்னை விட்டு இன்னும் போகவில்லை. ஆகையால் இந்த வாரம், ஏறக்குறைய 30 ஆண்டுகள் குருவானவர் இல்லாமலே விசுவாசத்தைக் காத்துவைத்த ஜனங்களைப் பற்றியும், அவர்களைத் தேடி நடந்து வந்த ஒரு குருவைப் பற்றியும் எழுதலாமென்றிருக்கிறேன்.

யோசேப் வாஸ் சுவாமி பிறந்தது 1651-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 21-ந் தேதி, கோவா நாட்டில் தாயாரின் ஊராகிய பெனோலிமில். தகப்பனாரின் ஊர் சாங்கோலே. இருவரும் கொங்கணி பேசும் பிராமண குலத்தில் தோன்றிய கத்தோலிக்கக் குடும்பத்தார். பிள்ளை போர்த்துக்கீசு மொழியும் இலத்தீனும் படித்து, பின்பு கோவா நகரில் சேசுசபையாரின் கல்லூரியிலும், தோமினிக்கு சபையாரின் வேதசாஸ்திரக் கழகத்திலும் பயின்று, 1676-ல் குருப்பட்டம் பெற்றார். பட்டம் பெற்ற நாள்முதல் காலில் செருப்பணியாமல் ஏழைகளைப்போல் நடந்தார் என்று அவருடைய சரித்திரம் சொல்லுகிறது. மறுவருஷம் ஆகஸ்டு 5-ந் தேதி ஓர் அடிமைச் சீட்டு எழுதிக் கையெழுத்திட்டார். தேவமாதாவுக்குத் தாம் நிரந்தர அடிமை என்பதே அந்தச் சாசனம். அந்நாளில் கோவாவில் மனிதரை விலைக்கு வாங்குவதும் விற்பதும் கண்முன் நடந்த காரியம். அடிமை என்ற சொல்லின் பாரத்தைத் தெரிந்துகொண்டேதான் அவர் அந்தச் சொல்லைத் தம்மேல் எழுதிக்கொண்டார்.

இலங்கைத் தீவின் கத்தோலிக்கருடைய துன்பம் அவர் காதுக்கு எட்டியது இந்தக் காலத்திலேதான். அதைச் சற்று விரிவாய்ச் சொல்லவேண்டும்; இல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது.

இலங்கையின் கரையோரப் பகுதிகளை ஆண்டுவந்த போர்த்துக்கீசரை ஒல்லாந்தர் முறியடித்து, 1656-ல் கொழும்பையும் 1658-ல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றினார்கள். ஒல்லாந்தரும் கிறிஸ்தவர்களே, ஆனால் கல்வீன் என்பாருடைய உபதேசத்தைக் கைக்கொண்டவர்கள். போர்த்துக்கீச அரசனுக்கும் கத்தோலிக்க வேதத்துக்கும் வித்தியாசம் பாராமல், குருக்களெல்லாம் பகைவனின் ஒற்றர் என்றே அவர்கள் எண்ணினார்கள். ஆதலால் குருக்கள் யாவரும் நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டார்கள். கோவில்கள் பறிக்கப்பட்டு அவர்களுடைய ஆராதனை இடங்களும் பள்ளிக்கூடங்களுமாயின. கத்தோலிக்கக் குரு ஒருவரை வீட்டில் வைத்து ஒளிப்பவனுக்கு மரண தண்டனை என்று கட்டளை பிறந்தது.

இதைவிட நுட்பமான நெருக்கடி வேறொன்று. பிள்ளையின் பெயரையும் கலியாணத்தையும் ஒல்லாந்தரின் பள்ளிக்கூடத்தில் பதிவு செய்தாலொழிய, அவை சட்டப்படி செல்லா. காணி பூமி பிள்ளைக்குச் சேரவேண்டுமானால் அந்தப் புத்தகத்தில் பெயர் ஏறவேண்டும். ஆகவே எத்தனையோ குடும்பங்கள் பகலில் அங்கே போய்ப் பெயர் பதிந்துவிட்டு, இரவில் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபமாலை சொல்லின. இதைப் பலவீனம் என்று சொல்வது எளிது. நம்மில் ஒருவன் சர்க்கார் உத்தியோகத்துக்காகவோ சலுகைக்காகவோ மனுவில் என்னென்ன எழுதுகிறான் என்று நினைத்துப் பார்த்தால், கல்லெறிய நமக்குக் கை வராது. நான் அவர்களிடத்தில் வியந்து பார்ப்பது வேறு. அவர்கள் ஜெபங்களை மறக்கவில்லை. கற்றுக்கொடுக்க உபதேசியார் வெளிப்பட நடமாட முடியாத காலத்தில், தாய்மார் அடுப்படியில் வைத்துப் பிள்ளைகளுக்கு அவற்றைச் சொல்லிக்கொடுத்தார்கள். பாவசங்கீர்த்தனமில்லை, நன்மையில்லை, அவஸ்தைபூசுதலில்லை. 1658-ல் பிறந்த குழந்தை, பூசையை ஒருமுறையேனும் காணாமலே பெரியவனாகி, தானே பிள்ளைகுட்டிக்காரனாகிவிட்டது.

இந்தச் செய்தி கேட்ட நாள்முதல் வாஸ் சுவாமிக்கு இலங்கையே ஞாபகம். ஆனால் மேலதிகாரிகள் 1681-ல் அவரைக் கன்னட நாட்டுக் கடற்கரைக்கு, அதாவது மங்களூர்ப் பக்கத்துக்கு, விசாரணைக் குருவாய் அனுப்பினார்கள். அங்கே அப்போது ஒரு பெரிய சச்சரவு. போர்த்துக்கீச அரசனின் உரிமைப்படி கோவா அதிமேற்றிராணியாருக்கே அதிகாரம் என்றார்கள் சிலர். உரோமாபுரியிலிருந்து நேராக நியமிக்கப்பட்ட மேற்றிராணியாருக்கே அதிகாரம் என்றார்கள் மற்றவர்கள். ஜனங்கள் யாரிடம் போவதென்று தெரியாமல் திகைத்தார்கள். அந்த மூன்று வருஷமும் வாஸ் சுவாமி சண்டையை மூட்டாமல், பொறுமையாய்ப் பேசி, கிராமம் கிராமமாய் நடந்து தேவதிரவிய அனுமானங்களை நிறைவேற்றி வந்தார். இதைப் பற்றி நீளமாய் எழுத எனக்கு விருப்பமில்லை. அதிகாரச் சண்டைகள் எந்த நூற்றாண்டிலும் ஒரேமாதிரிதான் இருக்கின்றன.

1684-ல் கோவாவுக்குத் திரும்பினார். பழைய கோவாவில் அர்ச். சிலுவைக் கோவிலையடுத்து நாட்டுக் குருக்கள் சிலர் கூடி வாழத் தொடங்கியிருந்தார்கள். ஐரோப்பிய சபைகளில் நம் நாட்டுக் குருக்களைச் சேர்த்துக்கொள்ளாத காலம் அது. 1685-ல் வாஸ் சுவாமி அவர்களோடு சேர்ந்து, வெகு சீக்கிரத்தில் அவர்களுக்குத் தலைவரானார், அர்ச். பிலிப்பு நேரியாரின் ஒழுங்கைத் தழுவி அந்தக் கூட்டத்தைச் சபையாக உருவாக்கினார். இந்திய நாட்டுக் குருக்கள் தங்களுக்கென்று அமைத்துக்கொண்ட முதல் துறவுச் சபை இதுவே. ஆனால் உண்மையை மறைப்பானேன்? அந்தச் சபையும் ஆரம்பத்தில் பிராமண குலத்தாரை மட்டுமே சேர்த்துக்கொண்டது. வெள்ளையர் தங்களைத் தள்ளியதற்காக வருந்தியவர்கள், தாங்கள் வேறு சிலரைத் தள்ளினார்கள். நம்முடைய கல்லறைத் தோட்டத்தின் பழைய சுவரை நினைத்துக்கொண்டுதான் இந்த வரியை எழுதுகிறேன்.

அடுத்த வருஷமே, 1686-ல், தலைமைப் பதவியை விட்டுவிட்டு இலங்கைக்குப் புறப்பட்டார். ஐரோப்பியக் குரு எவரும் நுழைய முடியாத நாடு. முகத்தைக் கண்டவுடனே பிடித்துவிடுவார்கள். கோவாக் குருவின் கறுத்த நிறமே இப்போது அவருக்கு அநுமதிச் சீட்டாயிற்று. குருவுக்குரிய அங்கியைக் களைந்து, இடுப்பில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, கூலியாளைப் போல வேடம் பூண்டார். கூட வந்தவர் யுவான் என்ற ஒரே வேலைக்காரர். இருவரும் தூத்துக்குடிக்கு வந்தார்கள். அந்தத் துறைமுகமும் 1658 முதல் ஒல்லாந்தர் கையில்தான் இருந்தது. அங்கிருந்து தோணியேறி, கடலில் வெகு பாடுபட்டு, 1687-ல் யாழ்ப்பாணக் கரை சேர்ந்தார்கள்.

சேர்ந்தவுடனே வந்தது சீதபேதி. இரண்டு பரதேசிகள், தங்க இடமில்லை, கையில் காசில்லை, இருவரும் நோயாளிகள். பிழைத்தது சர்வேசுரனுடைய கிருபை என்றே சொல்லவேண்டும். சற்று நடமாட முடிந்தவுடன் வாஸ் சுவாமி வீடு வீடாய்ப் பிச்சைக்குப் போனார். பிச்சை எடுத்தது வயிற்றுக்காகவுந்தான். ஆனால் முக்கியமாய், எந்த வீடு கத்தோலிக்க வீடு என்று கண்டுபிடிக்கத்தான். யாரையும் கேட்க முடியாது. தவறான ஆளைக் கேட்டால் இரண்டு தலை போகும். ஆகவே கழுத்திலே ஒரு ஜெபமாலையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். பார்த்தும் பாராததுபோல் போனவர்கள் உண்டு. ஒரு சிலருடைய கண் அந்த ஜெபமாலையில் நின்றது. அவர்களுடைய முகம் மாறுவதைக் கவனித்துக் கவனித்து, கடைசியில் நம்பிக்கையான ஒருவரிடத்தில் தாம் யாரென்று சொன்னார்.

இந்த இடத்தில் நான் எப்போதும் நின்றுவிடுகிறேன். குருமடத்தில் இரவு உணவின்போது இந்தச் சரித்திரத்தை வாசிக்கக் கேட்ட காலத்தில், பிச்சைக்கார வேடம் போட்ட குருவைப் பற்றித்தான் என் எண்ணமெல்லாம். இப்போது பங்கில் இத்தனை வருஷம் இருந்தபின், கதவைத் திறந்த வீட்டாரைப் பற்றியே அதிகமாய் எண்ணுகிறேன். அன்று கதவைத் திறந்தவன் வேவுகாரனாய் இருந்திருந்தால் குரு செத்திருப்பார். வாசலில் நின்றவன் வேவுகாரனாய் இருந்திருந்தால் அந்த வீட்டுக்காரன் செத்திருப்பான். இரண்டு பேரும் துணிந்தார்கள். அந்த வீட்டில் 30 ஆண்டாக ஜெபம் அவிந்துபோயிருந்தால், ஜெபமாலையைக் கண்டு முகம் மாறுகிறவர் ஒருவரும் இருந்திருக்கமாட்டார். அவர் வந்த வழியே போயிருப்பார்.

யாழ்ப்பாணப் பட்டணத்தில் தங்குவது ஆபத்து என்று, விசுவாசிகள் அவரைச் சில்லாலை என்ற கிராமத்துக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். அந்த ஊரார் வைராக்கியமுள்ள கத்தோலிக்கர். அதன்பின் அவர் பகலில் ஒளிந்திருப்பார், இரவில் புறப்படுவார். நடுச்சாமத்தில் ஒரு வீட்டில் கூடுவார்கள். பாவசங்கீர்த்தனம் கேட்டு, பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து, கலியாணங்களைச் சரிப்படுத்தி, விடியுமுன் பூசை முடித்து, வேறு ஊருக்குப் போய்விடுவார். பகலில் பெயர் பதியப் போனவர்களை அவர் கடிந்து விரட்டவில்லை. திரும்பி வந்தவர்களைச் சேர்த்துக்கொண்டார். வேதகலாபனை கடுமையாயிற்று. கூடியிருந்தபோது பிடிபட்டு அடியும் சிறையும் அனுபவித்த குடும்பத் தலைவர்கள் உண்டு. தம்மால் அவர்களுக்கு வரும் ஆபத்தைக் கண்டு, ஏறக்குறைய மூன்று வருஷத்துக்குப்பின் சுவாமி தெற்கே புத்தளத்துக்குப் போனார். புத்தளம் ஒல்லாந்தருக்குக் கீழ்ப்பட்டதல்ல, கண்டி அரசனுடையது.

அங்கிருந்து 1692-ல் கண்டி இராசதானிக்கு நடந்தார். அங்கே அரசவையில் இருந்த பிரெஞ்சுக் கல்வீன் சபையார் ஒருவர், இவர் போர்த்துக்கீச ஒற்றர் என்று அரசனிடம் சொல்லிவைத்திருந்தார். சுவாமியையும் யுவானையும் பிடித்துச் சிறையில் அடைத்தார்கள். சிறையில் இருந்துகொண்டே அவர் சிங்கள மொழி படித்தார். கொங்கணி, போர்த்துக்கீசு, இலத்தீன், தமிழ் இவற்றோடு இப்போது சிங்களம். நாள் செல்லச் செல்ல, இந்தக் கைதி ஜெபம் பண்ணுவதைத் தவிர வேறொன்றும் செய்கிறதில்லை என்று காவலர்கள் கண்டார்கள், கட்டு தளர்ந்தது. முதலில் ஒரு குடிசை, பிறகு தேவமாதாவின் பெயரால் ஒரு சிறு கோவில் எழும்பிற்று. பயந்து ஒதுங்கியிருந்த கண்டிக் கத்தோலிக்கர் ஒவ்வொருவராய் வரத் தொடங்கினார்கள். நாட்டில் கடும் வறட்சி உண்டாகி, மன்றாட்டுக்கு அரசன் கேட்டுக்கொள்ள, சுவாமி வெளியில் பீடம் அமைத்து முழந்தாளிட்டு ஜெபித்தபோது மழை பெய்தது என்றும், அதன்பின் அரசன் அவருக்கு எங்கும் போய்வரச் சுதந்திரம் கொடுத்தான் என்றும் பாரம்பரியம் உரைக்கின்றது.

இந்த அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன். பௌத்த மதத்தைக் கைக்கொண்டவன். 1707-ல் அவனுக்குப்பின் வந்த நரேந்திரசிங்கனும் அப்படியே. பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்: கிறிஸ்துவின் நாமத்தைத் தரித்தவர்கள் குருவைத் தேடிக் கொல்லப் பார்த்தார்கள், பௌத்த அரசர்கள் இருவர் அவருக்கு நிழல் கொடுத்தார்கள். பூசை செய்யும் உரிமையை அவர்கள் கொடுத்திராவிட்டால், இலங்கைத் திருச்சபையின் சரித்திரமே வேறாயிருக்கும்.

1687 முதல் ஏறத்தாழ 9 வருஷம் இலங்கை முழுமைக்கும் அவர் ஒருவரே குரு. தனி ஒருவரால் எல்லா ஊரையும் பார்க்க முடியாதென்று அவருக்குத் தெரியும். ஆதலால் போன ஊர்தோறும் பொதுநிலையாரை நியமித்தார். ஜனங்களைக் கூட்டி நடத்த மூப்பர். ஜெபமும் ஞானோபதேசமும் சொல்லிக்கொடுக்க அண்ணாவியார். பின்வந்த அவருடைய சபைக் குருக்களும் இந்த ஏற்பாட்டையே வளர்த்தார்கள். குரு வருஷத்துக்கு ஒருதரம் வந்தாலும் வராவிட்டாலும், ஞாயிற்றுக்கிழமை ஜனங்கள் கூடினார்கள், ஜெபம் நடந்தது, பிள்ளைகள் படித்தார்கள், சாகக்கிடக்கும் குழந்தைக்கு மூப்பரே ஞானஸ்நானம் கொடுத்தார், மரித்தவரை முறைப்படி அடக்கம் செய்தார்கள். கதவைப் பூட்டிவிட்டுப் போகவில்லை.

1697-ல் கண்டியில் வைசூரி கண்டது. அரசன் முதலாய்ப் பலர் நகரத்தை விட்டு ஓடினார்கள். நோய் கண்டவர்களைச் சொந்த வீட்டாரே காட்டோரத்தில் விட்டுவிட்டுப் போனார்கள். அதற்குள் கோவாவிலிருந்து உதவிக் குருக்கள் வந்து சேர்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் சுவாமியின் உறவினராகிய யோசேப் கர்வாலியோ. இவ்விருவரும் ஓடாமல் நின்று, நோயாளிகளுக்குக் குடிசை போட்டு, கஞ்சி ஊற்றி, புண்களைக் கழுவி, செத்தவர்களைத் தாங்களே தூக்கிப் புதைத்தார்கள். கத்தோலிக்கன் என்றும் பௌத்தன் என்றும் பாராமல் இது நடந்தது. 2020-ல் நோய்த்தொற்று வந்தபோது நம் ஊரில் அடக்கத்துக்கு வர ஆளில்லாமல், நம்முடைய இளைஞர் நாலு பேர் பாடையைத் தூக்கி வந்தார்களே. அவர்கள் பெயரை எழுதினால் கோபிப்பார்கள் என்று விடுகிறேன்.

கொச்சி மேற்றிராணியார் அவரை இலங்கைக்குத் தமது பிரதிநிதிக் குருவாக்கினார். 1703-ல் உரோமைத் தூதராய்ப் புதுச்சேரிக்கு வந்த தூர்நோன் ஆண்டகை அவரை மேற்றிராணியாராக்க எண்ணங்கொண்டார், சுவாமியோ வேண்டாமென்றார். 1705-ல் வந்து சேர்ந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி, சிங்களத்திலும் தமிழிலும் ஜெபங்களும் ஞான நூல்களும் எழுதிக் குவித்தவர். வாஸ் சுவாமி கால்நடையாய்த் திறந்த வழிகளில் கொன்சால்வெஸ் சுவாமியின் புத்தகங்கள் ஏட்டுப் பிரதிகளாய் நடந்தன.

கோவாவுக்கு அவர் திரும்பவேயில்லை. 24 வருஷ உழைப்பினால் உடல் தளர்ந்து, 1711-ம் ஆண்டு ஜனவரி மாதம் 16-ந் தேதி கண்டியில் மரித்தார். வயது 59. அவருடைய கோவிலிலேயே அடக்கம் பண்ணினார்கள். பிற்காலக் கலகங்களில் கோவிலும் அழிந்து, கல்லறை இருந்த இடமும் தெரியாமற் போயிற்று. இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் பாப்பரசர் 1995-ம் ஆண்டு ஜனவரி 21-ல் அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் பட்டமும், பிரான்சிஸ் பாப்பரசர் 2015-ம் ஆண்டு ஜனவரி 14-ல் அர்ச்சியசிஷ்டர் பட்டமும் கொழும்பு காலிமுகத் திடலில் வைத்தே அளித்தார்கள். இரண்டாவது சடங்கு முடிந்த அன்று பிற்பகலே பிரான்சிஸ் பாப்பரசர் வன்னிக் காட்டிலுள்ள மடு மாதா கோவிலுக்குப் போய், நீண்ட யுத்தத்தில் பிள்ளைகளை இழந்த தமிழரோடும் சிங்களவரோடும் சேர்ந்து ஜெபித்தார்.

யுவானுக்கு எந்தப் பட்டமும் இல்லை. கடலிலும், சீதபேதியிலும், கண்டிச் சிறையிலும் கூட இருந்தவர். அவர் குருவுமல்ல, சந்நியாசியுமல்ல. சுவாமியின் படத்தை வீட்டில் மாட்டியிருப்பவர்கள் அவரையும் ஒருகணம் நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நம் காரியத்துக்கு வருகிறேன். சென்ற இரண்டு வாரமாய் ஞானோபதேச வகுப்பிலும் அன்பியக் கூட்டங்களிலும் பெரியவர்களை ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தேன்: குழந்தை சாகுந் தறுவாயில் இருக்கிறது, குரு கிட்டத்தில் இல்லை, நீங்கள் என்ன செய்வீர்கள்? பலர் "சுவாமிக்குப் போன் போடுவோம்" என்றார்கள். தலையில் தண்ணீர் வார்த்து, தமதிரித்துவத்தின் பெயரால் எவரும் ஞானஸ்நானம் கொடுக்கலாமென்று தெரிந்தவர்கள் சிலர். வார்க்கும்போது சொல்லவேண்டிய வார்த்தைகளைத் தவறாமல் சொன்னவர்கள் மூன்றே பேர். மூவரும் 70 வயதைத் தாண்டிய பாட்டிமார்.

ஆகையால் 16-ந் தேதி மாலை 6 மணிப் பூசைக்குப்பின் கோவிலிலேயே ஒரு மணி நேரம் வகுப்பு நடக்கும். அவசர ஞானஸ்நானம் கொடுக்கும் முறை, சாகக்கிடப்பவர் அருகில் சொல்லவேண்டிய ஜெபங்கள், குரு வராத ஞாயிற்றுக்கிழமை வேதவாசகத்தோடு ஜெபம் நடத்தும் விதம், இம்மூன்றையும் சொல்லித் தருவேன். அந்தப் பாட்டிமார் மூவரும் முன்வரிசையில் இருந்து எனக்கு உதவி செய்ய ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுக்கு ஒருவராவது வரவேண்டும். கிளைக்கிராமத்திலிருந்து கோவில் சாவி வைத்திருப்பவர் அவசியம் வரவும். பஸ் செலவைப் பங்கில் கொடுத்துவிடுகிறேன்.